மாட்டுக்கொட்டகையும் ஏர்கானும்

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் சபையில் யாராவது சுற்றுச்சூழல் என்று பேச்சை எடுத்தால் போதும், எல்லார் கண்ணும் நேரே கூரைக்குத்தான் போகும். சோலார் போடலாமே. அந்தச் சபையில் போட்டுவிட்டார்கள், இந்தச் சபையில் போடப்போகிறார்களாம், நாம் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்? நான் கட்டடக் கமிட்டியில் இருப்பதால், ஆராதனை முடிந்து டீயும் கையுமாக நிற்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். நான் சொல்லும் பதில் யாருக்கும் ருசிப்பதில்லை. கூரைக்கு ஏறும் முன் கீழே செய்ய வேண்டியது ஏராளம், அதில் பாதிக்குக் காசே தேவையில்லை என்பதுதான் அது. டீ ஆறுவதற்குள் விளக்கி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஆலயக் கட்டடத்தின் கணக்கே தனி. அலுவலகம் வாரத்தில் ஐந்து நாள் ஓடும், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடும். ஆலயமோ வாரத்தில் பெரும்பாலான நேரம் பூட்டிக் கிடக்கும், ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் திடீரென்று 200 பேர் உள்ளே வந்து உட்காருவார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் சூடு வெளியே வந்துகொண்டே இருக்கும். 200 பேர் என்றால் 20 கிலோவாட். இருபது இஸ்திரிப் பெட்டிகளைச் சூடாக்கிப் பெஞ்சுக்குப் பெஞ்சு நிமிர்த்தி வைத்த மாதிரி. அந்தச் சூட்டை மட்டும் வெளியேற்றுவதற்கே, ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் ஏர்கான் மணிக்கு ஆறு ஏழு யூனிட் கரண்டு இழுக்கும். கூரை வழியே இறங்கும் வெயில், தாமதமாக வருகிறவர்கள் திறந்துவிட்டுப் போகும் கதவு, தலைக்கு மேல் எரியும் விளக்கு எல்லாம் இதற்கு மேல். (எங்கள் சபையில் கதவு திறப்பு இரண்டாவது பாட்டு முடியும்வரை நடக்கும். தமிழர் சபை, வேறென்ன சொல்ல.)

அந்தக் கரண்டு எங்கிருந்து வருகிறது? சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இறக்குமதி செய்த இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் கிடைக்கிறது. அணை கட்டும் அளவுக்கு ஆறு இல்லை, காற்றாலை சுற்றும் அளவுக்குக் காற்று இல்லை. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.4 கிலோ கரியமிலவாயு. கரிம வரி 2019-ல் டன்னுக்கு 5 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) தொடங்கி, 2024-ல் 25 வெள்ளி, 2026-ல் 45 வெள்ளி என்று ஏறியிருக்கிறது. அதைக் கட்டுவது மின்நிலையங்களும் பெரிய ஆலைகளும்தான், நாம் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், யூனிட்டுக்கு 2 காசுக்குச் சற்றுக் குறைவாக வரும், சுற்றி வளைத்து அது நம் பில்லில்தான் வந்து உட்காரும். பில் காணிக்கைப் பையிலிருந்து போகிறது.

எங்கள் ஆலயத்தின் ஏர்கான் ரிமோட்டுகள் வாசல் பக்கத்து அலமாரியில் ஒரு பழைய மைலோ டின்னுக்குள் கிடக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி 'பல்பிட் இடது', 'பாடகர்', 'பின் கதவு' என்று யாரோ எப்போதோ பேனாவால் எழுதியிருக்கிறார்கள், ஈரக் கையால் எடுத்தெடுத்துப் பாதி எழுத்து அழிந்துவிட்டது. ஞாயிறு காலை முதலில் வரும் பொறுப்பாளர் டின்னைக் கவிழ்த்து எல்லாவற்றையும் 18-ல் போட்டுவிட்டு மைக் சரிபார்க்கப் போய்விடுவார். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று ஒரு நம்பிக்கை. எங்களிடம் இருப்பது போன்ற பழைய மாடல் 25-ல் வைத்தாலும் அதே வேகத்தில்தான் குளிரவைக்கும், 25 வந்ததும் கம்ப்ரசர் நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 18-ல் வைத்தால் நிற்கவே நிற்காது.

பிரசங்கம் தொடங்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். நடு வரிசைகளில் பெரியம்மாமார் கைப்பையைத் திறந்து சால்வையை எடுப்பார்கள். ஓர் ஆன்ட்டி காலுறையே கொண்டுவருவார். செருப்பைக் கழற்றி, பெஞ்சுக்குக் கீழே குனிந்து, நிதானமாக இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு, பிறகுதான் வேதாகமத்தைத் திறப்பார். அதே நேரத்தில் முன்னால் பாடகர் குழு அங்கி நனைய வியர்த்துக்கொண்டிருக்கும், பாடகர் குழுத் தலைவர் பின்னால் பார்த்து இன்னும் குறை, இன்னும் குறை என்று கையைக் கீழே ஆட்டுவார். பின்னால் சால்வை, முன்னால் வியர்வை. இது சபைக்குள் பல வருட வழக்கு. இரண்டு தரப்பும் மற்றவர்களைப் பார்த்து 'இவங்களுக்கு எப்பவும் இதே குறை' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் மேலேயே இருந்தது. பாடகர் குழு உட்காரும் இடத்துக்கு மேல் பொய்க்கூரையில் வரிசையாக ஹாலோஜன் விளக்குகள், ஒவ்வொன்றும் 50 வாட். ஹாலோஜனுக்குள் போகும் கரண்டில் மிகப் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வரும், வெளிச்சமாக மாறுவது கொஞ்சம்தான். நாற்பது விளக்கு என்றால் 2 கிலோவாட், அதாவது பாடகர் குழுவின் தலைக்கு மேலே இன்னும் இருபது பேரை உட்காரவைத்ததற்குச் சமம். அதே வெளிச்சத்துக்கு எல்இடி 7 வாட் எடுத்துக்கொள்ளும். மாற்றினோம். விளக்கில் மிச்சமான கரண்டு ஒரு பக்கம் இருக்கட்டும், பாடகர் குழு 'குறை, குறை' என்று கேட்பது நின்றது, அப்புறம்தான் ரிமோட்டை 25-க்குக் கொண்டுவரும் பேச்சையே எடுக்க முடிந்தது. தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வதும் 25-தான், அந்தத் தாளை நாங்கள் எப்போதோ சுவரில் ஒட்டியும் இருந்தோம். தாளைப் படித்துவிட்டால் வியர்க்கிற ஆளுக்கு வியர்வை நின்றுவிடுமா?

சரி, மாட்டுக்கொட்டகைக்கு வருகிறேன்.

எங்கள் சபைக்கு வரும் தம்பிமாரில் ஒருவர் ஏர்கான் சர்வீஸ் வேலை பார்க்கிறார். தூத்துக்குடிப் பக்கம் ஊர். ஞாயிறுதான் லீவு, அதுவும் எல்லா ஞாயிறும் கிடைக்காது. ஹால் சரியாகக் குளிரவில்லை, புது ஏர்கானுக்குக் கொட்டேஷன் கேட்கலாமா என்று நாங்கள் நின்று பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. "அவுட்டோர் யூனிட் எங்கண்ணே இருக்கு?" என்றார். பின்சந்துக்குக் கூட்டிப்போனேன். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

வெளிப்பெட்டிகள் சுவரோரம் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கு நேர் முன்னால், ஒரு முழம்கூட இடைவெளி இல்லாமல், கிறிஸ்துமஸ் நாடகத்துக்குச் செய்த பிளைவுட் மாட்டுக்கொட்டகையைச் சாய்த்து வைத்திருந்தோம், மேலே நீலத் தார்ப்பாய். பக்கத்தில் மடக்கு மேசைகள், உடைந்த அறிவிப்புப் பலகை, எதற்கு வாங்கினோம் என்று யாருக்கும் நினைவில்லாத வாளிகள். பெட்டி வெளியே தள்ளும் சூடான காற்று பிளைவுட்டில் முட்டித் திரும்பி அதே பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. "மூச்சு விட இடமே இல்லண்ணே, பாவம்" என்று சொல்லிவிட்டு என் கையை அந்த இடுக்கில் நீட்டச் சொன்னார். நீட்டிய வேகத்தில் எடுத்துவிட்டேன்.

ஹாலில் அள்ளிய சூட்டை வெளிக்காற்றில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. கொட்ட வேண்டிய காற்றே கொதித்துக்கொண்டிருந்தால் கம்ப்ரசர் இன்னும் அழுத்த வேண்டும். கரண்டு கூடும், குளிர் குறையும், எப்போதாவது தாங்காமல் தானாகவே நின்றும்விடும். பின்பக்கத் தகடுகளின் இடுக்கெல்லாம் தூசி அடைத்துப்போயிருந்தது. உள்ளே பில்டரைக் கழற்றினால் அதன் சொந்த நிறம் எது என்றே தெரியவில்லை. தம்பி எல்லாவற்றையும் கழுவிக் கொடுத்தார், நாங்கள் கொட்டகையை நகர்த்தினோம். அடுத்த ஞாயிறே ஹாலில் வித்தியாசம் தெரிந்தது, கொட்டேஷன் பேச்சு அத்தோடு நின்றது. தம்பிக்குக் கவரில் காசு வைத்துக் கொடுத்தோம், முதலில் வாங்க மாட்டேன் என்றார். வேலைக்குக் கூலி, காணிக்கையாக நினைக்காதே என்று சொல்லித்தான் சட்டைப்பையில் வைத்தோம். தொழில் தெரிந்தவர்களிடம் சபை என்ற பெயரில் ஓசியில் வேலை வாங்கும் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

நகர்த்தினோம் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன், உண்மையில் இந்தக் கதையிலேயே பெரிய சண்டை அதுதான். சிங்கப்பூரில் பொருளை வைக்க ஏது இடம்? மாடிப்படிக்குக் கீழே வைத்தால் தீயணைப்பு விதி இடிக்கும், ஞாயிறு பள்ளி அறையில் வைத்தால் பிள்ளைகள் ஏறிக் குதிப்பார்கள். தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்ல, ஞாயிறு பள்ளி நடத்தும் அக்கா எழுந்து "வருஷா வருஷம் புதுசா பலகை வாங்கிச் செய்யச் சொல்றீங்களா, அதுதான் உங்க சுற்றுச்சூழலா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் கொட்டகையைப் பலகை பலகையாகக் கழற்றி, திருகாணி போட்டுச் சேர்க்கிற மாதிரி மாற்றி, மேடைக்கு அடியில் செருகியிருக்கிறோம். திருகாணிப் பையை வரும் டிசம்பரில் தேடுவோம், அது வேறு கதை.

இதற்கு நடுவில் மூத்த ஐயா ஒருவர், ஆத்துமாக்களை விட்டுவிட்டு பல்பை எண்ணிக்கொண்டிருக்கிறீர்களே என்று வருத்தப்பட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இது நேற்றுப் புதிதாக முளைத்த சமாச்சாரம் இல்லை. மெத்தடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே 1781-ல் மிருகங்களுக்கும் மீட்பில் பங்கு உண்டு என்று ஒரு பிரசங்கத்தை எழுதியவர். ஆங்கிலிக்கன் திருச்சபை தன் ஊழியத்தின் அடையாளங்களில் ஐந்தாவதாகப் படைப்பைப் பாதுகாப்பதைச் சேர்த்தது 1990-ல். போப் பிரான்சிஸ் 2015-ல் இதற்கென்றே ஒரு சுற்றுமடல் எழுதினார். செப்டம்பர் 1 முதல் அசிசி பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் என்று பல சபைப் பிரிவுகள் சேர்ந்தே அனுசரிக்கின்றன. ஏதேன் தோட்டத்தில் ஆதாமுக்குக் கொடுத்த முதல் வேலையே தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பதுதானே என்று எங்கள் பாஸ்டர் கேட்டார். ஐயா ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது, ஆனால் அடுத்த வாரம் கழிவறை விளக்கு வீணாக எரிவதை எனக்கு முதலில் சொன்னது அவர்தான்.

ஆளில்லாத நேரத்தில் ஆலயத்துக்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். எங்களிடம் வெந்நீரும் குளிர்ந்த நீரும் தரும் தண்ணீர் இயந்திரம் ஒன்று வாரம் முழுக்கச் சூடாக்கி, வாரம் முழுக்கக் குளிரவைத்து, ஞாயிறு இரண்டு மணி நேரத்துக்காகக் காத்திருந்தது. சமையலறையில் மூன்று குளிர்சாதனப் பெட்டிகள். ஒன்றில் திருவிருந்துக்கான திராட்சை ரசப் பாட்டிலும், யாருடையது என்றே தெரியாத ஓர் ஐஸ்கிரீம் டப்பாவும் மட்டும். சராசரியாக 100 வாட் இழுக்கும் ஒரு சாதனம் நிற்காமல் ஓடினால் வருடத்துக்கு 870 யூனிட்டுக்கு மேல் போகும், யூனிட் 30 காசு என்று வைத்தால் 260 வெள்ளி. ஒன்றைக் காலி செய்து அணைத்தோம், தண்ணீர் இயந்திரத்துக்கு டைமர் போட்டோம். பியானோ ஈரத்தில் கெட்டுவிடும், அதற்காகவாவது ஏர்கான் ஓடட்டும் என்று ஒரு வாதம் வந்தது. ஈரப்பதம் உண்மையான பிரச்சினைதான், பாட்டுப் புத்தகமெல்லாம் பூசணம் பிடிக்கிற ஊர் இது, ஆனால் பியானோ ஒன்றுக்காக ஹால் முழுவதையும் குளிரவைக்கத் தேவையில்லை. பியானோவுக்குள்ளேயே பொருத்தும் சிறிய உலர்த்தும் கம்பி போதும்.

சாப்பாட்டு விஷயத்தைத் தொட்டால் இன்னும் கசப்பு. அறுப்பின் பண்டிகை அன்று காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடிந்ததும் (தேக்கா சந்தையில் இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் முருங்கைக்காய்க் கட்டை ஐம்பது வெள்ளிக்கு ஏலம் எடுப்பதில்தான் நம் ஆட்களுக்கு என்ன ஒரு சந்தோஷம்) எல்லாருக்கும் பிரியாணி, நுரைப் பெட்டியில். இனிமேல் மக்கும் பெட்டி வாங்கலாம் என்று வாலிபர் சங்கம் சொன்னது. நல்ல மனசு, ஆனால் இந்த ஊரில் அது எங்கே மக்கப்போகிறது? நாம் போடும் குப்பை பச்சையோ பழுப்போ நேரே எரியாலைக்குப் போகிறது, சாம்பல் கப்பலேறி செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-ல் திறந்த அந்தக் குப்பைத் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்கிறது. ஒருமுறை தின்றுவிட்டு எறிகிற பெட்டி எந்தப் பொருளில் செய்ததானாலும் இங்கே முடிவு ஒன்றுதான், விலை மட்டும் கூடுதல்.

அப்படியென்றால் தட்டு. மெலமைன் தட்டு வாங்கியாயிற்று. யார் கழுவுவது? இந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் எல்லாரும் மாதர் சங்கத்தைப் பார்த்தார்கள். நான் கட்டடக் கமிட்டியில் இருந்த காலத்தில் கோபமாகப் பேசிய ஒரே தடவை அதுதான். பூமியைக் காப்பாற்றும் வேலையில் ஆண்கள் தீர்மானம் போடுவார்கள், பெண்கள் பாத்திரம் தேய்ப்பார்கள் என்றால் அதற்கு நுரைப் பெட்டியே மேல். இப்போது சாப்பிட்டவர் அவரவர் தட்டைத் துடைத்து, மீதியை வாளியில் போட்டு, முதல் அலசு அலசி வைக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கழுவும் முறை ஆண்கள் ஐக்கியத்துக்கு. எல்லா மாதமும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கழுவத் தொடங்கிய பிறகு எவ்வளவு சோறு வாளிக்குப் போகிறது என்று ஆண்களுக்கும் தெரிய ஆரம்பித்து, பிரியாணி ஆர்டர் குறைந்தது. ஐந்து அப்பம் இரண்டு மீன் சம்பவத்தில் எல்லாரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். மிச்சத்தைச் சேர்த்துவைக்கச் சொன்னதும், பன்னிரண்டு கூடை நிரம்பியதும் அதே பகுதியில்தான் இருக்கிறது.

இனி கூரை. நான் சோலாருக்கு எதிரி இல்லை. 2014 முதல் வீவக கூரைகளில் வரிசையாகப் போட்டுக்கொண்டே வருகிறார்கள், தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021-லிருந்து 60 மெகாவாட் அளவுக்குத் தகடுகள் மிதக்கின்றன, நம்மிடம் பெரிதாக இருக்கும் சொந்த எரிசக்தி வெயில்தான். சிங்கப்பூரில் ஒரு கிலோவாட் தகடு வருடத்துக்கு 1,100, 1,200 யூனிட் போலத் தரும், மேகமும் மழையும் கணக்கில் சேர்ந்தே. கேள்வி அந்த யூனிட் எந்தக் கிழமையில் வருகிறது என்பதுதான். வெயில் ஏழு நாளும் அடிக்கும், எங்கள் ஹால் முழு அளவில் ஓடுவது ஒரு நாள். மீதி ஆறு நாள் விளைவது மின்கட்டமைப்புக்குப் போகும், அதற்குக் கிடைக்கும் விலை நாம் கரண்டு வாங்கும் விலையைவிடக் குறைவு. கீழ்த்தளத்தில் பாலர் பள்ளியோ மாணவர் பராமரிப்பு நிலையமோ திங்கள் முதல் வெள்ளிவரை ஓடும் சபைகளுக்குக் கணக்கு அப்படியே மாறிவிடும், பகல் கரண்டைப் பகலிலேயே தின்ன ஆள் இருக்கிறது. பக்கத்துச் சபையில் போட்டார்கள் என்றால் கீழே என்ன ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றை யாரும் கேட்பதில்லை. நம் காசே போடாமல், கம்பெனியே தகடு மாட்டி, கரண்டைக் குறைந்த விலைக்கு நமக்கே விற்கும் ஒப்பந்தங்கள் உண்டு, அவை பெரும்பாலும் நீண்ட கால ஒப்பந்தங்கள், இருபது வருடம், அதற்கு மேலும்கூட. வழிபாட்டுக்கென்று அரசாங்கம் விடும் நிலமோ பெரும்பாலும் 30 வருடக் குத்தகை. அதில் எத்தனை வருடம் மீதி இருக்கிறது, கூரையில் நீர்க்கசிவு இருக்கிறதா, தகடு மாட்டிய பிறகு ஓடு மாற்ற வேண்டி வந்தால் யார் செலவு? ஓஃபிர் ரோட்டில் 1888-ல் கட்டிய லூர்து மாதா ஆலயம் மாதிரி நினைவுச்சின்னக் கட்டடமாக இருந்தால் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். எங்கள் எல்சிஇசி (சபை நிர்வாகக் குழு) கூட்டத்தில் இதையெல்லாம் தாளில் போட்டுக் கொடுத்தேன். முதலில் உபயோகத்தைக் குறைத்து, குறைந்த பில்லை ஒரு வருடம் பார்த்துவிட்டு, அந்த அளவுக்குத் தகுந்த சோலாரைப் பேசலாம் என்று இப்போதைக்கு முடிவு. வீணாகிற கரண்டுக்கும் சேர்த்துத் தகடு வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இப்போது பேச்சு ஃபேனில் நிற்கிறது. எங்கள் கட்டடம் ஏர்கான் வருமுன் கட்டியது. உயர்ந்த கூரை, இரண்டு பக்கமும் சாய்பலகைச் சன்னல்கள், சுவர் உச்சியில் சூடு வெளியேற ஓட்டைகள், எல்லாவற்றையும் பிறகு வந்தவர்கள் பலகை அடித்து மூடிவிட்டார்கள். ஹாலை முழுக்கத் திறந்துவிட இனி முடியாது, வெளியே சாலைச் சத்தம் அப்படி. ஆனால் கூரையிலிருந்து மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன் இரண்டு போட்டால், காற்று உடம்பில் படுவதால் ஏர்கானை 26, 27-ல் வைத்தாலும் யாருக்கும் தெரியாது, காலுறை ஆன்ட்டிக்கும் நிம்மதி. மாதர் சங்கத்தின் புதன் ஜெபக் கூட்டத்துக்கு ஏர்கானே வேண்டாம், ஃபேனே போதும். எதிர்ப்பு ஒலி ஒளிக் குழுவிடமிருந்துதான் வந்திருக்கிறது: மைக்கில் காற்றுச் சத்தம் கேட்கும், ஆர்கன் வாசிப்பவரின் தாள் பறக்கும், திரையில் நிழல் ஓடும். உங்கள் சபையில் இந்தப் பெரிய ஃபேன் போட்டிருந்தால் இந்த மூன்றில் எது நிஜம் என்று எழுதுங்கள், அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் தெரிந்தால் உதவியாக இருக்கும்.